அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதா? எண்ணுவதோடு அளந்தும் பாருங்கள்

#1 அளவுச்செம்பு

"அடிக்கடி ஒன்றுக்கு வருது, என்ன மாத்திரை போடலாம்?" என்று கேட்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். காரணம் பிரிவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். அதற்காகவே இந்த இழை.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை 300 முதல் 500 மி.லி. வரை பிடிக்கும். தடவைக்கு 250–400 மி.லி., பகலில் ஆறேழு தடவை, இரவில் எழாமல் அல்லது ஒரு தடவை எழுந்து. இது பெரும்பாலோருக்கு இயல்பு.

ஒருவர் 14 தடவை போகிறார், தடவைக்கு 80 மி.லி. மொத்தம் 1,120. அவருடைய சிறுநீரகம் வழக்கம்போலத்தான் வேலை செய்கிறது. தொந்தரவு பையில், அல்லது அதற்குக் கீழே: தொற்று, கல், பிராஸ்டேட் (ஆண்களுக்குப் பையின் கழுத்தைச் சுற்றியுள்ள சுரப்பி), சொன்ன பேச்சு கேட்காத பை. இன்னொருவரும் 14 தடவை, ஆனால் தடவைக்கு 300. மொத்தம் 4,200. இவர் பையில் குறை இல்லை, நீர் ஊறுவதே அதிகம். நாளைக்கு 3 லிட்டரைத் தாண்டினால் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஏறக்குறைய 180 தாண்டியதும் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடுத்து, குடிக்கும் தண்ணீரின் அளவு, நீர் பிரியும் மாத்திரை, ரத்தத்தில் கால்சியம், லித்தியம் போன்ற மருந்துகள்.

அளப்பது எப்படி: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துவிடுங்கள். மருந்துக்கடையில் 50 மி.லி. ஊசியில்லா சிரிஞ்ச் ஒன்று வாங்கி, 50 ஐம்பதாகத் தண்ணீர் ஊற்றி, மார்க்கரால் வெளியே கோடு போடுங்கள். மூன்று நாள் குறிக்க வேண்டும். தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் ஒன்றாவது வேலைநாளாக இருக்கட்டும். நேரம், உள்ளே போனது (காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து), வெளியே வந்தது, அவசரம் எவ்வளவு, கசிந்ததா. இவ்வளவுதான்.

பலரும் தப்புவது ஓர் இடத்தில்: முதல் நாள் காலை எழுந்ததும் போவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது முந்தைய இரவுடையது. மறுநாள் காலை முதல் சிறுநீரைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் 24 மணி நேரம் முழுமையாகும்.

#2 நுண்ணாடி

நல்ல தொடக்கம். பரிசோதனைக் கூடத்துப் பக்கத்தை நான் சொல்கிறேன். தவறான ரிப்போர்ட்டுகளில் பெரும்பங்கு கருவியால் வருவதில்லை, டப்பாவில் பிடித்த விதத்தால் வருகிறது.

நீர்க்கடுப்பு என்று கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுக்கும்போது:

மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே மாதிரி கொடுங்கள். ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு வந்தாலும் "வளர்ச்சி இல்லை" என்று வரலாம்.

கூடத்தில் தரும் மூடி போட்ட டப்பாவைக் கடைசி நொடியில் திறங்கள். ஜாம் பாட்டிலைச் சுடுதண்ணீரில் கழுவி எடுத்து வருவதெல்லாம் ஆகாது. மூடியின் உள்பக்கம் கீழே படாமல் மல்லாத்தி வையுங்கள்.

பெண்கள் உதட்டுப்பகுதியை விரித்துப் பிடித்து, முன்னிருந்து பின்னாக வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, பிடித்த கையை எடுக்காமலே போக வேண்டும். டெட்டால், சோப்பு வேண்டாம். ஆண்கள் முன்தோலை நன்றாகப் பின்னால் தள்ளிக் கழுவ வேண்டும். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் டப்பாவை நடுவில் நீட்டி 15, 20 மி.லி. பிடித்து, மீதியை மறுபடி கழிப்பறையில் விடுங்கள்.

கூடத்துக்கு 2 மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி உகந்த சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகக்கூடியது. சித்திரை வெயிலில் பைக் டிக்கிக்குள் மூன்று மணி நேரம் கிடந்த டப்பாவில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

#3 மாத்திரைப்பெட்டி

நுண்ணாடி சார் சொன்ன "மாத்திரைக்கு முன்னாடி மாதிரி", அத ரெண்டு தடவை படிங்க. கடைக்கு வந்து "நீர்க்கடுப்புக்கு நாலு மாத்திரை குடுங்க"ன்னு கேக்குறதுதான் வழக்கமா இருக்கு. அட்டையில சிவப்புக் கோடு போட்ட மாத்திரைய டாக்டர் சீட்டு இல்லாம தர்றதுக்கு இல்ல. ரெண்டு நாள் போட்டு எரிச்சல் நின்னதும் நிறுத்தி, பதினஞ்சு நாள் கழிச்சு திரும்பி வந்து "அதே மாத்திரை இப்ப கேக்கல"ன்னா, கேக்காதுதான்.

#4 திண்ணை_64

ஒரு சந்தேகம். ரிப்போர்ட்டில் இப்படி இருந்தால் எப்படிப் படிப்பது? சீழ் செல்கள் 8–10, எபிதீலியல் செல்கள் 15–20, நைட்ரைட் இல்லை, கல்ச்சரில் "கலப்பு வளர்ச்சி". எரிச்சல் கிடையாது, அடிக்கடி வருவது மட்டும். சீழ் என்றதும் பயப்படத்தானே தோன்றும்?

#5 நுண்ணாடி

திண்ணை ஐயா, அந்த ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது சீழ் செல்லை அல்ல, எபிதீலியல் செல்லை. அது தோல், பிறப்புறுப்புப் பகுதியிலிருந்து உதிர்வது. அது 15–20 இருந்தால் மாதிரி வழியில் அழுக்காகிவிட்டது என்று பொருள். கூடவே வந்த சீழ் செல்லும் அங்கிருந்தே வந்திருக்கலாம். "கலப்பு வளர்ச்சி" என்பதும் அதையே சொல்கிறது: மூன்று விதமான கிருமிகள் ஒரே தட்டில் வளர்ந்தால் அவை பெரும்பாலும் தோலின் கிருமிகள். மருந்து வேண்டாம், மறுபடி சரியாகப் பிடித்துக் கொடுங்கள்.

கல்ச்சர் எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பயம் குறையும். 0.001 மி.லி. மட்டும் ஏந்தும் கம்பி வளையம் ஒன்று உண்டு. அதை ஒரு முறை முக்கித் தட்டில் இழுத்து, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். மறுநாள் தட்டில் தெரியும் ஒரு புள்ளிக்கு, மி.லி.க்கு 1,000 கிருமி என்று கணக்கு. நூறு புள்ளிகள் என்றால் 1,00,000. அதுதான் நீங்கள் கேள்விப்படும் "ஒரு லட்சம்". ஈ.கோலை என்றால் நீலப்பச்சைத் தட்டு மஞ்சளாக மாறியிருக்கும், பார்த்ததுமே தெரியும். எரிச்சலும் அவசரமும் தெளிவாக உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது தொற்றுதான். எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதக் கூடாது. எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலுக்கு இன்னொரு நாள் ஆகும். ஆகவே 48 மணி நேரம்.

நைட்ரைட் பற்றி: சிறுநீரிலுள்ள நைட்ரேட்டைக் கிருமி நைட்ரைட்டாக மாற்ற ஏறத்தாழ 4 மணி நேரம் பையில் தங்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை போகிறவருக்கு அந்த நேரமே கிடைப்பதில்லை. என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட் உண்டாக்குவதும் இல்லை. எனவே நைட்ரைட் "உண்டு" என்றால் நம்பலாம், "இல்லை" என்பதை நம்பித் தொற்று இல்லையென்று சொல்ல முடியாது.

#6 மாத்திரைப்பெட்டி

தொற்றுன்னு உறுதியானா டாக்டர் எழுதுற மருந்தைப் பத்தி, தப்பா சாப்பிடுறதால கெடுறது என்னன்னு மட்டும் சொல்றேன். எழுதுற வேலை அவங்களோடது.

காய்ச்சல் இல்லாத, கர்ப்பம் இல்லாத பெண்ணோட சாதாரண நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி., மெல்லக் கரையுற வகை, காலை ராத்திரி, 5 நாள். சோறோட சாப்பிடணும். வெறும் வயித்துல போட்டா குமட்டும், மருந்து உள்ள சேர்றதும் குறையும். சிறுநீர் காபி மாதிரி பழுப்பாகும், பயந்து நிறுத்திடாதீங்க. சிறுநீரகம் நல்லா பழுதான ஆளுக்கு இது பையில போதுமான அளவு போய்ச் சேராது. அதனால சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரிப்போர்ட் இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பாக்கெட் ஒரே வேளைதான். அரை டம்ளர் குளிர்ந்த தண்ணியில கரைச்சு, சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு, ஒன்னுக்குப் போயிட்டு வந்து, படுக்கப் போறப்ப. படுத்ததுக்கப்புறம் மருந்து பையில தங்கி வேலை செய்யணும், அதான் கணக்கு. குடிச்சிட்டு மேல ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா கணக்கு கெட்டுச்சு.

இந்த ரெண்டும் பையோட நிக்கிற மருந்து. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், விலாவுக்குப் பின்பக்கம் ஒரு பக்கமா வலி, வாந்தி, இதுல எது இருந்தாலும் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிடுச்சுன்னு எடுத்துக்கணும். அன்னைக்கே ஆஸ்பத்திரி. ஆம்பளைக்கு வந்த தொற்றையும் "சாதாரணம்"னு சேர்க்கறதில்ல. பிராஸ்டேட்டுக்குள்ள போயிருக்கலாம், மருந்தும் நாளும் வேற.

#7 வேர்மூலி

எல்லாவற்றையும் மாத்திரையில் முடிக்க வேண்டாமே. வெயிலில் அலைந்து, தண்ணீர் குடிக்காமல், மஞ்சளாகச் சுருக்கென்று போவது நம் ஊரில் சித்திரை வைகாசியில் சாதாரணம். அது கிருமியே இல்லை, நீர்ச்சுருக்கு. பார்லி 2 மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீர், முக்காலாக வற்றவிட்டு வடிகட்டி, நாள் முழுக்கக் குடிக்கலாம். இளநீர், நீர்மோர், வெட்டிவேர் ஊறிய பானைத் தண்ணீர் எல்லாமே உதவும். நெருஞ்சில் கஷாயம் சித்தத்தில் காலங்காலமாக உள்ளது. ஒரு நாளில் சரியாகிவிட்டால் சுருக்குதான். இரண்டாம் நாளும் எரிந்தால், சிறுநீர் கலங்கி நாறினால், ரத்தம் கண்டால் கஷாயத்தோடு நிற்காதீர்கள். இதைச் சொல்லத் தயங்கும் வைத்தியரிடம் போகாதீர்கள்.

நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சிக் கால் பெருவிரல் நகத்தில் தடவும் வாட்ஸ்அப் வைத்தியம் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். தடவினால் விரல் பளபளக்கும்.

#8 மாத்திரைப்பெட்டி

வேர்மூலி ஐயா சொன்னதுல ஒன்னு சேர்க்கணும்: சிறுநீரகம் பழுதானவங்களுக்கு இளநீர் ஆகாது, வாழைத்தண்டுச் சாறும் ஆகாது. பொட்டாசியம் ஏறி இதயத்துல போய் நிக்கும். காலும் முகமும் வீங்குறவங்க இஷ்டத்துக்குத் தண்ணியும் குடிக்கக் கூடாது.

"சூட்டுக்கு" வாங்குற சிட்ரேட் சிரப்பும் அப்படித்தான். புளிப்பைக் குறைச்சு எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. சிலதுல சோடியம், பிரஷர் ஆளுங்க பாத்துக்கணும். சிலதுல பொட்டாசியம். இன்னொன்னு, நைட்ரோஃபுரான்டாயின் புளிப்பான சிறுநீர்லதான் நல்லா வேலை செய்யும். ஒரே சீட்டுல ரெண்டும் இருந்தா டாக்டரைக் கேட்டுக்கிட்டு வாங்குங்க.

#9 இரவுப்பணி

இரவு மட்டும் அடிக்கடி எழுபவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். அளவுச்செம்பு சார் சொன்ன குறிப்பேட்டில் இரவுப் பங்கைப் பிரித்துக் கூட்டுங்கள். படுத்த பிறகு போனது எல்லாம், கூடவே காலை முதல் சிறுநீரும். படுக்கும் முன் போனது சேராது. 65 வயது தாண்டியவருக்கு இது நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை மீறினால், பை குற்றவாளி இல்லை, உடம்பு ராத்திரியில்தான் நீரை வடிக்கிறது.

கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர் அங்கே இருக்கிறது. படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக இறங்கும். ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்கும். இதயம், சிறுநீரகம், ஈரல் எதுவும் காரணமாக இருக்கலாம், டாக்டர் பார்க்கட்டும். வீட்டில் செய்யக்கூடியது: மாலை 4 மணிக்கு ஒரு மணி நேரம் இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுப்பது. அந்த நீர் தூங்கப் போகும் முன்பே இறங்கிவிடும். ஃபுரோசமைடு என்ற நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரவு வேளையைப் படுக்க ஆறு மணி நேரம் முன்னதாக மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவருக்கும் இரவுச் சிறுநீர் கூடும். அவர்களை மூத்திர டாக்டரிடம் அனுப்பிப் பயனில்லை, தூக்கப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

#10 திண்ணை_64

சிஸ்டர், பிராஸ்டேட் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லையே. ஸ்கேனில் "போன பிறகு மிச்சம் 140 மி.லி." என்று வந்தால் ஆபரேஷன் என்கிறார்களே?

#11 அளவுச்செம்பு

அந்த 140-ஐ நம்பும் முன், ஸ்கேன் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஸ்கேன் மையத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் வரிசையில் அடக்கி உட்காரவைத்து, "போயிட்டு சீக்கிரம் வாங்க" என்பார்கள். அளவுக்கு மேல் புடைத்த பை யாருக்கும் முழுதாகக் காலியாகாது. சாதாரணமாக முட்டும்போது போய், நிதானமாக முடித்துவிட்டு, உடனே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 100-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் கவனிக்க வேண்டும். 300 தாண்டித் தங்கியே கிடந்தால் தேக்கம்.

50 வயதுக்கு மேல் ஆண்களுக்குத் தொடங்கத் தாமதம், மெல்லிய ஓட்டம், முக்கல், முடிந்தும் சொட்டுவது, பாதி தங்கிய உணர்வு என்று சேர்ந்து வந்தால் பிராஸ்டேட்டை நினைக்கலாம். ஏழு கேள்வி மதிப்பெண் தாள் ஒன்று எல்லா யூராலஜி பிரிவிலும் இருக்கும். 0–7 லேசு, 8–19 நடுத்தரம், 20–35 கடுமை. வீங்கிய பிராஸ்டேட்டின் அளவுக்கும் தொந்தரவுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. 30 கிராமுக்கு அவதிப்படுபவரும் உண்டு, 80 கிராமோடு நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு.

பிராஸ்டேட் தொந்தரவுக்கு டாம்சுலோசின் மாத்திரை எழுதினால் சாப்பிட்ட பிறகு தினமும் ஒரே நேரத்தில். முதல் சில நாள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். கண்புரை ஆபரேஷன் செய்யப்போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டிருந்தாலும், கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து தொல்லை கொடுக்கும்.

சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின் கலந்த மாத்திரை பிராஸ்டேட் வீங்கியவருக்கு மொத்தமாக அடைத்துவிடலாம். அடிவயிறு உப்பி, வலித்து, சொட்டுகூட வராமல் நின்றால் அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நேரம். நாட்பட்ட தேக்கத்தில் நேரெதிர்: வலியே இல்லாமல், நிரம்பிய குடம் வழிவதுபோல் சொட்டு சொட்டாக எந்நேரமும் வரும். பார்ப்பவர்களுக்கு "அடிக்கடி போகிறார்" என்றுதான் தோன்றும்.

#12 இரவுப்பணி

தொற்று இல்லை, சர்க்கரை இல்லை, தடவைக்கு 100, 150 மட்டுமே, வந்தால் ஒரு நிமிடம் தாங்காது. இது அடங்காத பை. "எதற்கும் இருக்கட்டும்" என்று பஸ் ஏறும் முன், படம் தொடங்கும் முன், வாசல் தாண்டும் முன் எல்லாம் போய்ப் பழக்கினால் பை சிறிய அளவுக்கே மணி அடிக்கும்.

திருத்தலாம். குறிப்பேட்டில் சராசரி இடைவெளி 1 மணி நேரம் என்றால் முதல் வாரம் 1 மணி 15 நிமிடம். வாரம் ஒரு கால் மணி கூட்டி 3 மணி வரை. இந்தக் கணக்கில் எட்டு வாரம் ஆகும். இடையில் முட்டினால் ஓடக் கூடாது, ஓட்டம் பையைக் குலுக்கும். நின்ற இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து, காற்று பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை மேல்நோக்கி ஐந்தாறு முறை வேகமாகச் சுருக்கி விடுங்கள். அந்த அலை தணியும். தணிந்த பிறகு நடந்து போங்கள். காபி, டீயைக் குறையுங்கள், மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். நிரம்பிய மலக்குடல் பையை அமுக்கும். குழந்தைகளிடம் இதுதான் பல நேரம் முழுக் காரணமே.

மாத்திரை தேவைப்பட்டால் சாலிஃபெனாசின் வகை வாய் உலரும், மலம் கட்டும், முதியவர்களுக்கு ஞாபகக் குழப்பம் தரலாம். மிராபெக்ரான் அப்படிச் செய்யாது, ஆனால் பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஆனால் நாள் முழுக்க வெளியில் வேலை, போக இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு "இடைவெளி கூட்டு" என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தேவை தண்ணீரும் கழிப்பறையும். நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.7 தடவை தொற்று, வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2. மாதவிடாய் நின்றவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி டாக்டரிடம் கேட்கலாம், கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

#13 நுண்ணாடி

விட்டுப்போன மூன்று. ஒன்று: சீழ் செல் 20, 30 என்று திரும்பத் திரும்ப வருகிறது, மாதிரியும் சுத்தம், கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. நம் நாட்டில் இதைக் கண்டால் சிறுநீரகக் காசநோயை நினைக்க வேண்டும். சாதாரணத் தட்டில் அந்தக் கிருமி வளராது. மூன்று நாள் தொடர்ந்து அதிகாலை முதல் சிறுநீர் முழுவதையும் கொடுக்க வேண்டும். சிறுநீர்க்குழாயின் கடைசி முனையில், பைக்குள் நுழையும் வாசலில் சிக்கிய கல்லும் இதே படத்தைக் காட்டும்: தொற்றில்லாமலே கடுப்பு, அவசரம், சொட்டு.

இரண்டு: வலியில்லாமல் சிவப்பாகப் போய் ஒரே நாளில் தானாக நின்றுவிட்டால் "சூடு" என்று விட்டுவிடக் கூடாது, பையில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால் மிக அவசியம். ஸ்கேன் மட்டும் போதாது, பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பார்கள்.

மூன்று: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்களின் சிறுநீரில் சர்க்கரை எப்போதும் உச்சத்தில்தான் காட்டும், மருந்தின் வேலையே அது. அதைக் கண்டு சர்க்கரை ஏறிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

#14 தொட்டில்கட்டி

கர்ப்பிணிகளுக்கு ஒரு வரி: அடிக்கடி போவது இயல்புதான், ஆனால் தொந்தரவே இல்லாவிட்டாலும் ஆரம்ப மாதங்களில் ஒரு கல்ச்சர் அவசியம். அறிகுறியில்லாத கிருமிக்கும் மருந்து கொடுப்பது முக்கியமாக இவர்களுக்குத்தான். வயதானவருக்கு, அதிலும் சிறுநீர் இறங்கக் குழாய் மாட்டியவருக்கு, அறிகுறி இல்லாமல் ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் மருந்து கொடுப்பதில்லை.

படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கி, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, இளைத்துக்கொண்டே போனால் அன்றே விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

#15 திண்ணை_64

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: ஞாயிறு கூடம் மூடியிருந்தால் பிடித்த மாதிரியை என்ன செய்வது?

#16 நுண்ணாடி

பிடித்ததும் மூடியை இறுக்கி, பெயரும் நேரமும் எழுதி, பாலித்தீன் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள். கல்ச்சருக்கு 24 மணி நேரம் தாங்கும். உறைவிப்பானில் வைக்கக் கூடாது, கதவிலும் வேண்டாம், திறந்து மூடும்போது சூடேறும். செல் எண்ணிக்கை பார்க்க மட்டும் திங்கள் காலை புதிதாக இன்னொன்று பிடியுங்கள். டப்பாவின் மேல் "மோர் அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுவது வீட்டுக்கு நல்லது.